கதவிடுக்கில் ஒரு கணக்குப் பாடம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் உங்கள் வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். “உங்கள் வீட்டு வாசல் கதவு இப்போது சரியாக மூடுகிறதா?”

உளுந்தூர்பேட்டைப் பகுதியில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நான் இதைக் கேட்டபோது பதில்கள் வரிசையாக வந்தன. ஒருவர் வீட்டில் கதவு நிலையில் இடிக்கிறது. இன்னொருவர் வீட்டில் தோளால் தள்ளினால்தான் தாழ்ப்பாள் நாதாங்கியில் விழும். மற்றொரு வீட்டில் கதவை மூடினாலும் மேல் மூலையில் வெளிச்சம் தெரிகிறது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: “எங்க வீட்ல ராத்திரி கதவுக்கு அடியில பழைய சேலையைச் சுருட்டி வைப்போம் டீச்சர்.”

“எதுக்கும்மா?”

“பூச்சி பொட்டு உள்ள வந்துடும்னு.”

அளவீடு, செங்கோண முக்கோணம், வடிவொத்த முக்கோணம், திருப்புத்திறன், பொருள்களின் பண்பு என்று நாம் ஆண்டு முழுவதும் தனித்தனியாக நடத்தும் பாடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்பது வீட்டு வாசலில்தான். அந்தப் பாடம் வீட்டுக்கும் உடனே பயன்படும். இடைவெளி விழுந்த கதவை எப்படிப் படிப்பது, எந்த வரிசையில் சரிசெய்வது, அதை வகுப்புக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

இடைவெளி ஏன் சிறிய விஷயமல்ல?

“பூச்சி பொட்டு” என்று அந்த மாணவி சொன்னதில் தேளும் பூரானும் பாம்பும் அடக்கம். இவற்றில் அதிகம் அஞ்ச வேண்டியது கட்டுவிரியன். இது இரவில் நடமாடும் பாம்பு. பல்லி, எலி, சிறு பாம்பு ஆகியவற்றைத் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்து உறங்குபவர்களே இதனிடம் பெரும்பாலும் கடிபடுகிறார்கள். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு என்பதால், கடித்தது தெரியாமலே பலர் தூங்கிவிடுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு பாம்புக்கடியும் பதிவாக வேண்டும் என்பதே இதன் பொருள். சிகிச்சை மருத்துவமனையில் இருக்கிறது. தடுப்பு வீட்டு வாசலில் தொடங்குகிறது.

அடுத்தது மழைநீர். 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காற்றோடு சேர்ந்து சாய்வாக அடிக்கும் மழை, வாசற்படிக்கு மேலே இருக்கும் சிறு இடுக்கு வழியாகவும் கூடத்துக்குள் வந்துவிடும். பாயும் புத்தகப் பையும் தரையில்தானே இருக்கின்றன!

முன்பெல்லாம் வாசல் நிலைக்கு நான்கு பக்கமும் சட்டம் இருக்கும். கீழ்ச்சட்டத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குள் கால் வைக்க முடியும். இன்று கட்டும் பல வீடுகளில் மூன்று பக்கச் சட்டம் மட்டுமே இருக்கிறது. கீழே டைல்ஸ் தரை நேராக ஓடுகிறது. வயதானவர்கள் தடுக்கி விழாமல் நடக்க இது நல்லதுதான். ஆனால் கதவுக்கு அடியில் தடுப்பு இல்லாமல் போய்விட்டது. பழைய சேலை அந்த வேலையைத்தான் செய்கிறது.

முதலில் இடைவெளியைப் படியுங்கள்

கதவு இடித்தால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இழைப்புளிதான். இடிக்கும் இடத்தை இழைத்துவிட்டால் கதவு மூடிவிடும். ஆனால் மழைக்காலத்தில் உப்பிய மரத்தை இழைத்தால், பங்குனி, சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது இழைத்த இடம் இடைவெளியாக நிற்கும். கீல் தளர்ந்து சாய்ந்த கதவை இழைத்தாலோ, கீலைச் சரிசெய்த பிறகு அந்த இடம் பள்ளமாகத் தெரியும். எங்கள் வீட்டுக் கதவைப் பார்க்க வந்த தச்சர் சொன்னதை இன்றும் வகுப்பில் சொல்வேன்: “டீச்சர், எடுத்த மரத்தை ஒட்ட முடியாது. முதல்ல சந்தைப் பாருங்க, அதுவே சொல்லிடும்.”

இடைவெளியின் வடிவம் கோளாறு எங்கே என்று சொல்லிவிடும். பெரும்பாலும் அது நான்கு வகைக்குள் அடங்கும்.

ஒன்று: ஆப்பு வடிவ இடைவெளி. கதவின் மேல் விளிம்பில் கீல் பக்கம் குறுகியும் கைப்பிடிப் பக்கம் அகன்றும் இருக்கிறது. கைப்பிடிப் பக்கத்தின் அடி தரையில் உரசுகிறது. அதன் மேல் மூலை நிலையில் இடிக்கிறது. கதவு சாய்ந்திருக்கிறது என்று பொருள். கோளாறு மேல் கீலில் இருக்கிறது.

இரண்டு: மழையில் இறுக்கம், வெயிலில் தளர்வு. பக்கவாட்டு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் குறைந்தும் கூடியும் பருவத்தோடு மாறுகிறது. இது மரத்தின் இயல்பு. கதவு கோணவில்லை.

மூன்று: ஒரு மூலை மட்டும் ஒட்டாமல் நிற்பது. கதவை மூடும்போது கீழ் மூலை நிலையில் படிகிறது, மேல் மூலை படியவில்லை. கதவோ நிலையோ முறுக்கிக்கொண்டிருக்கிறது.

நான்கு: நிலைக்கும் சுவருக்கும் நடுவே கீறல். இங்கே கதவில் குறையில்லை. நிலையைச் சுவரில் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கி தளர்ந்திருக்கலாம், அல்லது பூச்சு விட்டிருக்கலாம். நீரைக் குடித்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் அடித்தளமே அசைவதும் உண்டு.

அளந்து உறுதிசெய்தல்

இடைவெளியை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரே வகை நாணயங்கள் பத்தை அடுக்கி, மொத்த உயரத்தை அளவுகோலால் அளந்து பத்தால் வகுத்தால் ஒரு நாணயத்தின் தடிமன் கிடைக்கும். எத்தனை நாணயம் இடுக்கில் நுழைகிறது என்று பார்த்தால் இடைவெளியின் அளவு தெரிந்துவிடும். கதவின் மேல், கீழ், இரு பக்கம் என ஒவ்வொரு விளிம்பிலும் மூன்று இடங்களில் அளந்து படத்தில் குறிக்க வேண்டும். இரவில் வீட்டுக்குள் விளக்கைப் போட்டு, வெளியே நின்று பார்த்தால் எந்த இடத்திலும் தப்பாமல் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். கதவுக்கு அடியில் ஒரு பென்சில் உருண்டு போகிறதா என்பது என் மாணவர்கள் விரும்பிச் செய்யும் சோதனை. பென்சில் போனால் சிறு பாம்பும் தேளும் போகும்.

நிலை நேராக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லும். ஒரு நூலின் நுனியில் கனமான நட்டு ஒன்றைக் கட்டி, நிலையின் மேல் முனையிலிருந்து தொங்கவிட்டாலே போதும். நூலுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் மேலும் கீழும் ஒன்றாக இருந்தால் சட்டம் செங்குத்து.

நிலையின் நான்கு மூலைகளும் செங்கோணமா? இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் அது செவ்வகம். எங்கள் வாசல் நிலையின் உள்ளளவு அகலம் 105 செ.மீ., உயரம் 208 செ.மீ. பிதாகரஸ் தேற்றப்படி 105-இன் வர்க்கம் 11,025, 208-இன் வர்க்கம் 43,264, கூட்டினால் 54,289. இதன் வர்க்கமூலம் மிகச் சரியாக 233. நாடாவைப் பிடித்தபோது இரு மூலைவிட்டங்களும் 233 செ.மீ. காட்டின. நிலையில் குறையில்லை, கதவைத்தான் பார்க்க வேண்டும் என்று அந்த ஒரு கணக்கே சொல்லிவிட்டது.

நிலை முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு எளிய வழி: மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றன. தொடாமல் நடுவே இடைவெளி விட்டு நின்றால் நிலை முறுக்கியிருக்கிறது. வெட்டிக்கொள்ளும் இரு கோடுகள் ஒரே தளத்தில் அமையும் என்ற வடிவியல் உண்மையைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

கதவு ஏன் சாய்கிறது?

எங்கள் கதவு ஒற்றைக் கதவு. எடை ஏறத்தாழ 40 கிலோ. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 150 செ.மீ. கதவின் எடை அதன் நடுவில், அதாவது கீலிலிருந்து 52.5 செ.மீ. தூரத்தில் செயல்படுகிறது. அதன் திருப்புத்திறன் 40 × 52.5 = 2,100. இதைக் கீல்களின் இடைத்தூரமான 150-ஆல் வகுத்தால் 14. மேல் கீலைச் சட்டத்திலிருந்து பிடுங்குவதுபோல 14 கிலோ எடைக்குச் சமமான விசை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கீழ்க் கீலை அதே அளவு விசை சட்டத்துக்குள் அழுத்துகிறது. மேல் கீலின் திருகாணிகள் முதலில் தளர்வதும், கீழ்க் கீல் பெரும்பாலும் உறுதியாகவே இருப்பதும் இதனால்தான்.

இப்போது 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை கைப்பிடியில் தொங்கி ஊஞ்சலாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி கீலிலிருந்து 97.5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. 20 × 97.5 = 1,950; 150-ஆல் வகுத்தால் 13. மேல் கீலின் மீதான இழுப்பு 14-லிருந்து 27 ஆகிவிடுகிறது. கதவின் எடையில் பாதியே உள்ள குழந்தை, இழுப்பை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது! “கதவுல தொங்காதே” என்று பாட்டி அதட்டுவதற்கான காரணம் பத்தாம் வகுப்பின் இயக்க விதிகள் பாடத்தில் இருக்கிறது.

அதே அளவுகள் வடிவொத்த முக்கோணத்தையும் விளக்கும். மேல் கீல் வெளியே விலகினால் கதவு முழுவதும் கீழ்க் கீலை மையமாகக் கொண்டு சாயும். கீல்களின் இடைத்தூரம் 150, கதவின் அகலம் 105. விகிதம் 10 : 7. மேல் கீல் 5 மி.மீ. விலகினால் கைப்பிடிப் பக்கம் 3.5 மி.மீ. இறங்கும். எங்கள் கதவின் மேல் இடைவெளி கீல் பக்கம் 3 மி.மீ., கைப்பிடிப் பக்கம் 6.5 மி.மீ. இருந்தது. வேறுபாடு 3.5. ஆகவே கீல் 5 மி.மீ. விலகியிருக்க வேண்டும் என்று கதவைக் கழற்றாமலே சொல்ல முடிந்தது.

மரம் எந்தப் பக்கம் உப்பும்?

மரம் நீளவாக்கில் உப்புவது மிக மிகக் குறைவு, அகலவாக்கில்தான் உப்பும். மரத்துக்கு மரம் மாறினாலும், மரத்தின் ஈரப்பதம் 1 சதவீதம் கூடினால் அகலம் சுமார் 0.2 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஈரப்பதம் 5 சதவீதம் ஏறினால் அகலம் 1 சதவீதம் கூடும். பலகைகளை அடுத்தடுத்து சேர்த்துச் செய்த 105 செ.மீ. அகலக் கதவு அப்படியே விரிந்தால் 10.5 மி.மீ. உப்பும். நிலையில் மாட்டிக்கொள்ள இது தாராளமாகப் போதும்.

நம் தச்சர்கள் இதற்கு நெடுங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் 10 செ.மீ. அகல நெடுஞ்சட்டம், அவற்றை இணைக்கும் குறுக்குச்சட்டம், நடுவே பலகை. பலகையைப் பசை போட்டு ஒட்டாமல், சட்டத்தில் வெட்டிய காடிக்குள் தளர்வாகச் செருகிவிடுவார்கள். பலகை காடிக்குள்ளேயே உப்பிச் சுருங்கும். குறுக்குச்சட்டம் நீளவாக்கில் கிடப்பதால் அது விரிவதில்லை. மீதம் உப்புவது இரு நெடுஞ்சட்டங்களின் 20 செ.மீ. மட்டும், அதாவது 2 மி.மீ. 10.5 எங்கே, 2 எங்கே! கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை மாணவர்களிடம் பெருமையோடு சொல்கிறோம். மரத்தை அழகாக்கும் திறனோடு, மரத்தின் குணத்தை அறிந்து அதற்கு இடம் விடும் திறனும் இந்த மாவட்டத்துத் தச்சர்களிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரிசெய்யும் வரிசை

எளிதில் மாற்றக்கூடியதை முதலிலும், திரும்பப் பெற முடியாததைக் கடைசியிலும் செய்ய வேண்டும்.

1. கதவுக்கு அடியில் கட்டை கொடுத்துக் கதவைச் சற்றுத் தூக்கி நிறுத்தி, எல்லாக் கீல்களின் திருகாணிகளையும் முறுக்குங்கள். சாய்ந்த கதவு இதிலேயே நிமிர்ந்துவிடுவது உண்டு.

2. திருகாணி சும்மா சுற்றினால் துளை பெருத்துவிட்டது. மூங்கில் குச்சியைச் சீவி, மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மீண்டும் திருகாணியை ஏற்றுங்கள். மேல் கீலில் ஒன்றிரண்டு திருகாணிகளை மட்டும் நீளமானதாக மாற்றினால் பிடிப்பு கூடும்.

3. கீலின் அச்சே தேய்ந்து ஆட்டம் காட்டினால் கீலை மாற்றுவதே நல்லது. கீல் நன்றாக இருந்தும் சிறு சாய்வு மீதமிருந்தால், கீழ்க் கீலுக்குப் பின்னால் தடித்த அட்டையை அளவாக வெட்டி வைக்கலாம். கதவின் அடி சற்று வெளியே தள்ளப்பட, கைப்பிடிப் பக்கம் மேலே எழும்.

4. மழைக்காலத்தில் மட்டும் இறுகும் கதவை அப்போது இழைக்காதீர்கள். கோடையில் நன்கு காய்ந்த பிறகு, கதவைக் கழற்றி அதன் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் வண்ணம் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த இரு விளிம்புகளைப் பூசாமல் விடுவதே வழக்கம். ஈரத்தை மரம் அதிகம் உறிஞ்சுவது அந்த வெட்டு முனைகள் வழியாகத்தான். அதன் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் இறுகினால், தேவையான அளவு மட்டும் தச்சரைக் கொண்டு இழைக்கலாம்.

5. முறுக்கிய கதவின் மூலையில் நிற்கும் இடைவெளிக்கு, நிலையின் காடியில் அழுந்தக்கூடிய ரப்பர் பட்டையை ஒட்டுங்கள். பட்டை அழுந்தி அந்த வேறுபாட்டை நிரப்பும்.

6. கதவின் அடிக்கு, கடைகளில் கிடைக்கும் ரப்பர் அல்லது தூரிகைப் பட்டையைத் திருகி மாட்டலாம். பட்டை தரையைத் தொட வேண்டும். கதவு திறக்கும்போது இழுத்துக்கொண்டு வரக் கூடாது. இதைக் கடைசியில் செய்வதற்குக் காரணம் உண்டு. சாய்ந்த கதவில் பட்டையை மாட்டினால், கதவை நிமிர்த்திய பின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

7. வாசற்படியின் மேற்பரப்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 30 செ.மீ. அகலப் படிக்கு 6 மி.மீ. சரிவு போதும். தண்ணீர் கதவை நோக்கி ஓடினால் எந்தப் பட்டையும் நிற்காது.

8. நிலைக்கும் சுவருக்கும் இடையிலான கீறலில், தளர்ந்த பூச்சைச் சுரண்டி, நனைத்து, சிமெண்டுக் கலவையால் அடைக்கலாம். அடைக்கும் முன் கீறலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு மாதம் கவனியுங்கள். கீறல் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அது கதவு வேலையல்ல. கட்டட வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

விறகடுப்பு எரியும் வீடுகளில் ஒன்றை மறக்கக் கூடாது. கதவிடுக்கை அடைக்கும்போது புகை வெளியேறச் சன்னலும் புகைப்போக்கியும் திறந்திருக்க வேண்டும்.

வகுப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

வானவில் மன்றச் செயல்பாடாகவோ கணக்குப் பாடவேளையிலோ இதை மூன்று நாள்களில் முடிக்கலாம். முதல் நாள் வகுப்பறைக் கதவிலேயே அளந்து பழகுவார்கள். ஆறாம் வகுப்பினர் நாணய அடுக்கால் இடைவெளியை அளக்கட்டும். எட்டாம் வகுப்பினர் மூலைவிட்டத்தைக் கணக்கிட்டுச் சரிபார்க்கட்டும். பத்தாம் வகுப்பு இருந்தால் கீலின் இழுப்பை அவர்களிடம் விட்டுவிடலாம். கதவைக் கழற்றும் வேலை எதையும் மாணவர்கள் செய்யக் கூடாது. அளப்பதும் வரைவதும் மட்டுமே அவர்கள் வேலை.

இரண்டாம் நாள் வீட்டுக் கதவின் படத்தை அளவுகளோடு வரைந்து வரச் சொல்லுங்கள். வீட்டின் நிலையை வகுப்பில் எல்லோர் முன்னும் பேச எல்லாக் குழந்தைகளுக்கும் விருப்பம் இருக்காது. எனவே பெயர் எழுதாமல் படங்களை வாங்கி, நான்கு வகைகளாகப் பிரிக்கச் சொல்வது நல்லது. கதவே இல்லாமல் தட்டி மட்டும் உள்ள வீட்டுக் குழந்தை பள்ளிக் கதவையே வரையலாம்.

மூன்றாம் நாள், தச்சு வேலை செய்யும் பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துவிடுங்கள். எங்கள் வகுப்புக்கு வந்தவர் முதலில் தயங்கினார். “நான் அஞ்சாவதோட நின்னுட்டேன் டீச்சர், பசங்களுக்கு என்ன சொல்றது?” என்றார். மாணவர்கள் வரைந்த படங்களைக் கையில் கொடுத்ததும் தயக்கம் போய்விட்டது. ஒவ்வொரு படமாகப் புரட்டி, “இது கீல், இது மரம் உப்புனது, இதுல நிலையே முறுக்கு” என்று அவர் சொல்லச் சொல்ல, மாணவர்கள் தாங்கள் பிரித்த வகைகளோடு ஒப்பிட்டுக்கொண்டார்கள். நிலை, நாதாங்கி, கொண்டி, காடி, குடுமி என்று அவர் பேசிய சொற்களை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். கீல் வருவதற்கு முன் கதவுகள் குடுமியில்தான் சுழன்றன என்பதையும், பழைய கோயில் கதவுகளில் அதை இன்றும் பார்க்கலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். அப்பாவின் பேச்சை வகுப்பே குறிப்பெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மகனின் முகத்தை நான் தனியாக விவரிக்க வேண்டியதில்லை.

மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் தாளில் நான் சேர்க்கும் குறிப்புகள் இவை: இரவில் கதவடியைப் பட்டையாலோ சுருட்டிய துணியாலோ அடைக்கவும். காலையில் அந்தத் துணியைக் கையால் எடுக்காமல் குச்சியால் நகர்த்தி எடுக்கவும். வாசலருகே விறகு, செங்கல், பழைய சாமான் குவிக்க வேண்டாம். தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளவும். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

கதவடிப் பட்டையின் விலையும், திருகாணி முறுக்கும் அரை மணி நேரமும் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டக்கூடியவை. எட்டாத வீடுகள் எவை என்பது படங்களைப் பிரிக்கும்போது தெரியவரும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் யார் வீடு என்று சொல்லாமல் அதை எடுத்து வைக்கலாம். இந்த ஆண்டு ஐப்பசி பிறக்கும் முன்பே அளக்கத் தொடங்குங்கள். மழை வந்த பிறகு அளந்தால் எது சாய்வு, எது உப்பல் என்று பிரித்தறிவது கடினம்.